ஃபாக்லந்துப் பிரபு: இரு படைகளுக்கிடையே ஒரு சமாதானப் பிரியர்

(காரியாபட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கொரு நாளேனும் ஊரார் ஓரிடத்தில் அமர்ந்து, அன்றாடக் கவலைகளைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, மனித சமுதாயத்தின் பெரிய விஷயங்களைப்பற்றிச் சிந்திக்கவேண்டும் என்னும் உத்தம நோக்கத்தோடு பொருள் ஒதுக்கி, இச்சொற்பொழிவு இடையறாது நடைபெற வழிசெய்த பெருந்தகையாளரின் நினைவுக்கு முதற்கண் என் வணக்கத்தைச் செலுத்துகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்தை இரண்டாகப் பிளந்த உள்நாட்டுப் போரின்போது, கல்வியும் செல்வமும் குலப்பெருமையும் ஒருங்கே வாய்த்திருந்தும், 33 வயதில் போர்க்களத்தில் உயிர்நீத்த லூசியஸ் கேரி என்னும் இளம் பிரபுவின் சரித்திரமாகும். ஃபாக்லந்துப் பிரபு என்னும் பட்டத்தாலேயே உலகம் அவரை அறியும். 1982-ஆம் ஆண்டில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்ட தீவுகளுக்கு வழங்கும் பெயர், இவருக்குப்பின் இதே பட்டத்தைத் தாங்கிய வேறொருவரை ஒட்டி வந்தது.

கடல்கடந்த நாட்டில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவருடைய கதைக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இருக்கலாம். உடன்பிறந்தார் போரின் கொடுமை நமக்குப் புதிதன்று. நமக்கு அண்மையிலுள்ள திருச்சுழியையும் உள்ளிட்ட சேதுநாட்டில், 1710-இல் கிழவன் சேதுபதியும், அவருக்குப்பின் அரசெய்திய விஜயரகுநாத சேதுபதியும் காலமானபின், பவானி சங்கரத் தேவர், கட்டையத் தேவர், நாலுகோட்டைச் சசிவர்ணத் தேவர் ஆகியோருக்கிடையே எழுந்த வாரிசுரிமைப் போராட்டம் நாட்டைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. தஞ்சை மராட்டிய அரசர் முதலில் ஒருவருக்கும் பின்னர் அவருடைய எதிரிகளுக்கும் படையுதவி செய்து, பாம்பாற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பகுதியை அதற்கு விலையாகப் பெற்றார். முடிவில், 1730-ஐ ஒட்டி, நாடு ஐந்து கூறாக்கப்பட்டு, மூன்று கூறு இராமநாதபுரத்துக்கும் இரண்டு கூறு புதிதாய்த் தோன்றிய சிவகங்கைக்கும் சேர்ந்தன. அதற்கும் மிக முற்பட்ட சங்ககாலத்திலே, சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒருவரையொருவர் அழிக்க முனைந்து, உறையூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டுக் கிடந்தபோது, கோவூர்கிழார் என்னும் புலவர் இருவருக்கும் நடுவே நின்று, இப்போரில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குலமே என்னும் கருத்துப்பட எடுத்துரைத்ததைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. ஆயினும் நெடுங்கிள்ளி பிற்காலத்தில் காரியாறு என்னுமிடத்தில் மாண்டான் என்பதை அவன் பெயருக்கு முன்னே நிற்கும் அடைமொழியே சொல்லுகிறது. நல்லோர் சொல் கேட்கப்படுவதும், கேட்கப்பட்டும் நிலைக்காமற்போவதும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான அனுபவங்கள்.

ஆகவே நான் இன்று சொல்ல விரும்புவது இதுதான். உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரின் நியாயத்தையும் உணர்ந்து உடன்பாட்டை நாடுகிறவன், போர் ஓய்ந்தபின் எல்லோரும் செய்தேயாகவேண்டிய காரியத்தைப் போர் மூளுமுன்னரே செய்ய முற்படுகிறவன். அவனைக் கோழையென்று பழிப்பது பேதைமை. அதே சமயத்தில், அக்காரியம் முடியும்வரையில் அவன் மனந்தளராமல் உயிரோடிருந்து உழைப்பதும் அவனுக்குரிய தர்மமாகும். முதல் உண்மையை ஃபாக்லந்தின் வாழ்க்கையும், இரண்டாம் உண்மையை அவருடைய மரணமும் நமக்கு உணர்த்துகின்றன.

பிறப்பும் குடும்பமும்

லூசியஸ் கேரி 1610-ஐ ஒட்டி, ஆக்ஸ்போர்டு மாகாணத்திலுள்ள பர்ஃபர்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஹென்றி கேரி 1620-இல் ஸ்காத்லாந்துப் பிரபுக்கள் வரிசையில் ஃபாக்லந்து என்னும் பட்டத்தைப் பெற்று, 1622 முதல் 1629 வரை அயர்லாந்தில் அரசருடைய பிரதிநிதியாக ஆட்சி நடத்தியவர். அப்பட்டம் ஸ்காத்லாந்தைச் சேர்ந்ததாகையால், அதை அடைந்தவருக்கு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் ஆசனம் கிடையாது. அதனாலேயே பிரபுவாயிருந்தும் லூசியஸ் பிற்காலத்தில் பொதுமக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது சாத்தியமாயிற்று. தாயார் எலிசபெத் மகா பாண்டித்தியமுடையவர். 1613-இல் அச்சேறிய அவருடைய துன்பியல் நாடகம், ஆங்கிலேயப் பெண்ணொருத்தி சொந்தமாக எழுதி வெளியான முதல் நாடகமென்று இலக்கிய சரித்திரக்காரர் கூறுவர். அவ்வம்மையார் 1626-இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவியதும் கணவர் அவரை ஒதுக்கிவைத்து ஜீவனத்துக்குரிய பணத்தையும் நிறுத்தினார். பிற்காலத்தில் அவருடைய பெண்கள் நால்வர் கன்னியாஸ்திரீகளானார்கள். மூத்த மகனான லூசியஸோ ஆங்கிலத் திருச்சபையை விட்டு விலகவுமில்லை, தாயாரை வெறுக்கவுமில்லை. தேசத்தைப் பின்னர்ப் பிளக்கவிருந்த மதப் பிணக்கு, அவர் பிறந்த வீட்டிற்குள்ளேயே முதலில் குடிபுகுந்து, மாறுபட்ட கொள்கையுடையாரை நேசிக்கும் வித்தையை அவருக்கு இளமையிலேயே கற்பித்துவிட்டது.

டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் கற்றுத் தேறிய அவருக்கு, தாய்வழிப் பாட்டனாராகிய லாரன்ஸ் டான்ஃபீல்டு என்னும் நீதிபதியின் ஆஸ்தி, பெற்றோரைத் தாண்டி நேராகவே வந்து சேர்ந்தது. செல்வக்குடியில் சம்பந்தம் செய்து குடும்பக் கடன்களைத் தீர்த்துவிடலாமென்று தந்தை கணக்கிட்டிருக்க, மகன், இளமையிலேயே மாண்டுபோன தன் ஆருயிர் நண்பன் ஹென்றி மாரிசனுடைய தங்கை லெட்டிஸ் என்பாளை, சீதனம் ஒன்றுமில்லாதவளென்று தெரிந்தும், மனைவியாக வரித்துக்கொண்டார். அந்நட்பைக் கவி பென் ஜான்சன் பாடியிருக்கிறார். தந்தையின் கோபத்தைத் தணிக்கத் தமக்குரிய நிலபுலன்களையெல்லாம் அவருக்கே எழுதிக்கொடுத்துவிடுவதாகச் சொல்லியும் அவர் மனம் இளகவில்லை; ஆகவே லூசியஸ் ஹாலந்துக்குப் போய்ப் படையில் வேலை தேடினார்; அதுவும் வாய்க்காமற்போகவே, நாடு திரும்பிப் புத்தகங்களிடையே அடைக்கலம் புகுந்தார்.

கிரேட் டியூவின் வித்வத்சபை

1633-இல் தந்தை காலமாக, இருபத்துமூன்று வயதளவில் பிரபுப் பட்டத்துக்குரியவரான அவர், ஆக்ஸ்போர்டிலிருந்து குதிரைமீது சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கிரேட் டியூ என்னும் கிராமத்து மாளிகையிலே தங்கி, கிரேக்க மொழியைக் கற்றுத் தேறும்வரையில் லண்டன் மாநகரைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லையென்று விரதம் பூண்டு, அவ்விரதத்தை நிறைவேற்றினார். அவருடைய வாசல் கற்றோர்க்கெல்லாம் திறந்தே கிடந்தது. ஆக்ஸ்போர்டுப் பண்டிதர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள். தங்களுக்கு வேண்டிய அறையையும் நூல்களையும் எடுத்துக்கொண்டு படிப்பார்கள். இராச்சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும்போதுதான், தம் வீட்டில் தங்கியிருப்பவர் இன்னாரென்று வீட்டுக்காரருக்கே தெரியவரும். ஷெல்டன், மார்லி, ஹேல்ஸ் போன்ற சமய அறிஞர்களும், வாலர், காடால்ஃபின் போன்ற கவிஞர்களும், பிற்காலத்தில் கிளாரெண்டன் பிரபுவாகிச் சரித்திரம் எழுதிய எட்வர்டு ஹைடு என்னும் இளம் வழக்கறிஞரும் அச்சபையின் அங்கத்தினர்கள். புராட்டஸ்டண்டு மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் திரும்பிய சில்லிங்வொர்த் என்பவர், 1638-இல் வெளிவந்து புகழ்பெற்ற தம்முடைய சமய நூலை அந்த மாளிகையின் நூல்நிலையத்தைத் துணைகொண்டே எழுதினார்.

அங்கே நிகழ்ந்த விவாதங்களின் சாரம் என்னவென்றால், மனிதன் தன் பகுத்தறிவால் ஆராய்ந்து ஒரு கொள்கைக்கு வரவேண்டும். ஆராய்ந்தபின்னும் பிழை நேருமானால் அதைக் கடவுள் மன்னிப்பார். ஆகையால் கொள்கை வேற்றுமைக்காக ஒருவனை அரசு தண்டிக்கலாகாது என்பதேயாகும். வேற்றுமதத்தாரை எரித்துக் கொன்ற நாட்கள் மக்கள் ஞாபகத்தினின்றும் மறையாத ஒரு யுகத்தில், இருபது, முப்பது வயது இளைஞர்கள் சிலர் ஒரு கிராமத்து வீட்டில் அமர்ந்து இம்முடிவுக்கு வந்தார்கள் என்பதை நாம் சாமான்யமாக எண்ணிவிடக்கூடாது. ஃபாக்லந்து உருவத்தால் குள்ளமானவர், குரலும் இனிமையற்றது, தோற்றத்தில் கவர்ச்சி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இருந்தும், அவரோடு ஒருநாள் பழகியவர்கள் ஆயுள் முழுவதும் அவரை மறக்கவில்லை என்று ஹைடு சாட்சி சொல்லுகிறார்.

1637-இல் அவர் பர்ஃபர்டு மாளிகையை வில்லியம் லெந்தால் என்னும் வழக்கறிஞருக்கு விற்றார். அந்த லெந்தாலின் பெயரை நாம் மீண்டும் ஒருமுறை கேட்கப்போகிறோம்.

பொதுமக்கள் சபையில்

முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை பதினோராண்டுகள் பார்லிமெண்டைக் கூட்டாமலே அரசாண்டார். மக்கட் பிரதிநிதிகளின் சம்மதமின்றி வரிவிதிக்கும் மார்க்கங்களை அவருடைய மந்திரிகள் தேடியலைந்தபோது, போர்க்காலத்தில் கடற்கரை ஊர்களில்மட்டும் கப்பல்களுக்காக வசூலிக்கப்பட்டுவந்த பழைய வரியொன்றை, அமைதிக்காலத்தில் உள்நாட்டு மாகாணங்களுக்கும் விஸ்தரித்தார்கள். ஜான் ஹாம்டன் என்பவர் அதைச் செலுத்த மறுத்து வழக்காடியபோது, பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னர் பக்கமாகவே தீர்ப்பளித்தார்கள். இந்நிலையில் 1640 நவம்பரில் நெடும் பார்லிமெண்டு என்று பின்னர்ப் பெயர்பெற்ற சபை கூடிற்று. வைட் தீவிலுள்ள நியூபோர்ட் தொகுதியின் அங்கத்தினராக ஃபாக்லந்து அதில் அமர்ந்தார்.

அவர் மன்னருக்கு விசுவாசமுள்ள குடும்பத்தில் தோன்றியவராயினும், அநீதியைக் கண்டித்ததில் எவருக்கும் பின்வாங்கவில்லை. சட்டத்தைக் காக்கவென்று அமர்த்தப்பெற்ற நீதிபதிகளே அதைக் கைவிட்டுவிட்டால் பிரஜைகளுக்குப் புகலிடம் எங்கே என்று கேட்டு, அக்கப்பல் வரித் தீர்ப்புக்கு மூலகாரணராயிருந்த ஃபின்ச் என்பவரின்மீது குற்றஞ்சாட்டுவதில் முன்னின்றார். ஃபின்ச் நாட்டைவிட்டே ஓடிப்போனார். மன்னருடைய பலம்வாய்ந்த மந்திரியான ஸ்ட்ராஃபோர்டு பிரபுவைக் குற்றஞ்சாட்டவேண்டுமென்று சபை ஒரே ஆவேசமாக எழுந்த வேளையில், அந்த மனிதரிடத்தில் தமக்குச் சிறிதும் பிரியமில்லையென்பதைச் சபை நன்கறிந்திருந்தும், குற்றங்களைத் தீர விசாரித்து வகுத்துக்கொண்டபின் நடவடிக்கை எடுப்பதே சபையின் கௌரவத்துக்கு ஏற்றதென்று எழுந்து சொன்னவர் அவரே. விசாரணை நடந்தபின் அவரும் ஸ்ட்ராஃபோர்டுக்கு எதிராகவே நின்றார். தண்டனை வேண்டாமென்று அவர் சொல்லவில்லை, முறை வேண்டுமென்றுதான் சொன்னார். இந்த நுட்பமான வேறுபாடு ஜனசபைகளில் எக்காலத்திலும் எளிதில் விளங்குவதில்லை.

திருச்சபையின் அத்தியட்சகர்களாகிய பிஷப்புகள் விஷயத்திலும் இதே நிதானத்தைக் காண்கிறோம். அவர்கள் மக்களுடைய மனச்சாட்சியைச் சடங்குகளால் கட்டாயப்படுத்தியதையும் அரசியலில் தலையிட்டதையும் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும், பதவியைத் துஷ்பிரயோகம் செய்தவர்களைத் திருத்துவதற்காகப் பதவியையே வேரோடு பிடுங்கியெறிவது தகாது என்று வாதித்தார். மாற்றம் அவசியமில்லாத இடத்தில் மாற்றாமலிருப்பதே அவசியம் என்பது அவருடைய கொள்கையாகும். அவசியமான இடத்தில் மாற்றத்துக்காக உழைத்த ஒருவர் வாயிலிருந்து வந்தமையால்தான் அக்கொள்கைக்கு மதிப்பு ஏற்பட்டது.

1641 நவம்பர் 22-ஆம் தேதி, மன்னருடைய ஆட்சியின் குற்றங்களையெல்லாம் தொகுத்துக்கூறும் பெரிய முறையீடு ஒன்று சபைமுன் வந்தது. மன்னர் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கிவிட்ட பின்னர், பழைய புண்ணைக் கிளறுவது தேசத்தை இரண்டாக்கிவிடும் என்று அஞ்சிய ஃபாக்லந்தும் ஹைடும் அதை எதிர்த்தார்கள். விவாதம் நடுநிசியைத் தாண்டியும் நீண்டது. 159 பேர் ஆதரித்தும் 148 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, பதினொரு வாக்குகளால் அது நிறைவேறிற்று. அங்கத்தினர்கள் வாள்மீது கைவைக்கும் அளவுக்குச் சபையில் கலவரம் மூண்டது. அம்முறையீடு தோற்றிருந்தால் மறுநாட்காலையே ஆஸ்தியை விற்றுவிட்டு நாட்டைத் துறந்திருப்பேன் என்று ஃபாக்லந்திடம் அந்த இரவில் சொன்ன அங்கத்தினர் ஒருவருடைய பெயர் ஆலிவர் கிராம்வெல்.

விரும்பாத பதவி

1642 ஜனவரி மாதத் தொடக்கத்தில் சார்லஸ் மன்னர் ஃபாக்லந்தைத் தம் ராஜாங்கக் காரியதரிசியாக நியமித்தார். பதவிக்காகக் கட்சி மாறினாரென்று உலகம் தூற்றுமே என்று அவர் தயங்கினார். நல்லோர் விலகிநின்றால் மன்னர் தீயோர் கையில் அகப்பட்டுக்கொள்வார் என்று ஹைடு வற்புறுத்தியதன்பேரிலேயே இணங்கினார். ஜனவரி 4-ஆம் தேதி மன்னர், ஃபாக்லந்தையோ ஹைடையோ ஒரு வார்த்தை கலந்தாலோசியாமல், ஆயுதபாணிகளோடு பார்லிமெண்டுக்குச் சென்று, ஐந்து அங்கத்தினர்களைக் கைதுசெய்ய முயன்று தோற்றார். அப்போது மன்னர் முன்னிலையில் முழங்காலிட்டவாறே, சபை பணித்தாலன்றித் தாம் எதையும் காணவோ சொல்லவோ உரிமையில்லாதவர் என்று விடையளித்த சபாநாயகர், பர்ஃபர்டு மாளிகையை விலைக்கு வாங்கிய அதே லெந்தால்தான். ஃபாக்லந்து அன்றைக்கே பதவியைத் துறந்திருக்கலாம். துறவாமல் நின்று, அறுந்த இழையை மீண்டும் முடிச்சிட முயன்றார்.

அம்முயற்சியின் சின்னமாக நமக்கு எஞ்சியிருப்பது, 1642 ஜூன் மாதத்தில், பார்லிமெண்டு அனுப்பிய பத்தொன்பது கோரிக்கைகளுக்கு மன்னர் பெயரால் ஃபாக்லந்தும் கல்பெப்பர் என்பவரும் சேர்ந்து வரைந்த விடையாகும். அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று சக்திகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தி நிற்பதே இங்கிலாந்தின் அரசியலமைப்பு. இவற்றுள் எதுவும் மற்றவற்றை விழுங்கலாகாது என்று மன்னரே ஒப்புக்கொள்ளும்படி அவ்விடை அமைந்தது. ஆனால் அதை எழுதிய மை காயுமுன்னர் இரு தரப்பாரும் படைதிரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு 22-ஆம் தேதி நாட்டிங்காமில் மன்னருடைய போர்க்கொடி ஏற்றப்பட்டது. அதற்குப் பின்னும் சில நாட்களில், சமாதானத் தூது ஒன்றைத் தாமே எடுத்துக்கொண்டு பார்லிமெண்டுக்குப் போனார் ஃபாக்லந்து, தூது பலிக்கவில்லை.

அக்டோபர் 23-இல் எட்ஜ்ஹில் என்னுமிடத்தில் முதற் பெரும் போர் நடந்தது. ஆயுதத்தை எறிந்துவிட்டுச் சரணடைந்தவர்களை வெட்டாதபடி அங்கே அவர் இடைபுகுந்து தடுத்தார். பதவியிலும் இரண்டு காரியங்களைச் செய்ய அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. நட்புப் பேசிக்கொண்டே உளவறியும் ஒற்றர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ள மறுத்தார்; பிறர் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க மறுத்தார். உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனென்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப்புகுந்தபோது, கோவூர்கிழார் தடுத்துக் காப்பாற்றிய செய்தியை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். போர் வந்துவிட்டால் ஒவ்வொருவனும் மற்றவனை ஒற்றனாகவே காண்பான். அந்த நோய் தம்மைப் பற்றாதபடி காத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

நியூபரிக் களம்

1643-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரம் மன்னரின் பாசறையாயிருந்தது. ஒருகாலத்தில் கிரேட் டியூவில் நண்பர்களோடு அமர்ந்து தர்க்கித்த மனிதர், அந்நகரிலே நண்பர்களிடையே அமர்ந்தபடியே நெடுநேரம் மௌனமாயிருந்து, பெருமூச்செறிந்து, சமாதானம், சமாதானம் என்று தமக்குள்ளே புலம்பலானார். உடையில் எப்போதும் கவனமுடையவர் அதில் சிரத்தையற்றுப்போனார், உறக்கம் தொலைந்தது, முகம் வெளிறிற்று. ஆக்ஸ்போர்டில் நடந்த உடன்படிக்கைப் பேச்சுகள் முறிந்தன. எதிர்ப்பக்கத்தில் நின்ற ஹாம்டன் ஜூன் மாதத்தில் போர்க்காயத்தால் மாண்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் குளோஸ்டர் நகரை மன்னர் படை முற்றுகையிட்டிருந்தபோது, காரியதரிசியாகிய ஃபாக்லந்து பதுங்குகுழிகளுக்குப் போய் எதிரியின் குண்டுகளுக்கு முன்னே வேண்டுமென்றே நின்றார். அது உம் பதவிக்குரிய வேலையன்று என்று ஹைடு கண்டித்தெழுதினார். தாம் சமாதானத்தை விரும்புவது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், அவ்விருப்பம் அச்சத்தினால் பிறந்ததென்று யாரும் சொல்லாதபடி, மற்றவர்களைவிட அதிகமாகவே ஆபத்தை ஏற்கவேண்டியவராகத் தாம் இருப்பதாக அவர் விடையளித்தார். சமாதானம் பேசுகிறவன் தன் வீரத்தை ஒவ்வொரு நாளும் நிரூபித்துக்கொண்டேயிருக்கவேண்டும் என்று போர்க்காலம் அவனைப் படுத்தும் பாடு இந்த ஒரு விடையில் முழுமையாக வெளிப்பட்டுவிடுகிறது.

செப்டம்பர் 20-ஆம் தேதி நியூபரி நகருக்கருகில் இரு படைகளும் மோதின. அன்று காலை அவர் சுத்தமான உடை கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டார். பைரன் என்பவருடைய குதிரைப்படையில் தொண்டராகச் சேர்ந்தார். வேலிப்புதர் ஒன்றின் இருமருங்கிலும் எதிரியின் துப்பாக்கி வீரர்கள் வரிசையாக நின்றிருக்க, ஒரு குதிரை நுழையுமளவே இருந்த இடைவெளியில் எவ்வாறு கடப்பதென்று பைரன் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, ஃபாக்லந்து தம் குதிரையைத் தட்டிவிட்டுத் தனியராக அதற்குள் பாய்ந்தார். அக்கணமே குண்டுபட்டு வீழ்ந்தார். மறுநாள்தான் சடலம் கிடைத்தது. கிரேட் டியூவின் தேவாலயத்தில், இன்ன இடமென்று அடையாளமில்லாமல் அவரை அடக்கம் செய்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. லெட்டிஸ் அம்மையார் அதன்பின் நான்காண்டுகூட உயிர்வாழவில்லை.

பின்னோர் தீர்ப்பு

நாடிழந்து திரிந்த ஹைடு, 1646-இல் எழுதத் தொடங்கிய தம் பெருஞ்சரித்திரத்தில் இந்த நண்பருக்குச் சமைத்த சொற்சித்திரம் ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஹொரேஸ் வால்போல் போன்றவர்கள் ஃபாக்லந்தை உறுதியற்றவரென்று இகழ்ந்தார்கள். 1877-இல் மாத்யூ ஆர்னால்டு அவரை விவேகத்தின் வடிவமாகப் போற்றி எழுதினார். அடுத்த ஆண்டு நியூபரியில் அவருக்கு ஞாபகத்தூண் எழும்பிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் ஸ்டீபன் மண்டபத்தில் அவருடைய சிலையும் நிற்கிறது. 1909-இல் வாக்குரிமை கோரிய பெண்கள் அம்மண்டபத்துச் சிலைகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டபோது அச்சிலையின் குதிமுள் உடைந்தது. இன்றும் அது உடைந்தபடியே இருக்கிறது.

உறுதியற்றவர் என்னும் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சட்டத்தை மீறிய மன்னரை எதிர்த்தபோதும், வரம்பை மீறத் தலைப்பட்ட சபையை எதிர்த்தபோதும் அவர் நின்ற இடம் ஒன்றே. இருமருங்கிலும் நின்றவர்கள்தாம் இடம்பெயர்ந்தார்கள். சரித்திரமே இதற்குச் சாட்சி. 1649 ஜனவரி 30-இல் மன்னரின் தலை வீழ்ந்தது. பின் பதினோராண்டுகள் முடியில்லாமலும், பெரும்பகுதி வாளின் பலத்தினாலும் ஆட்சி நடந்தது. 1660-இல் மன்னரும் அத்தியட்சகர்களும் திரும்பிவந்தார்கள். 1689-இல், பார்லிமெண்டின் இசைவின்றி வரியில்லை, சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் மன்னருக்கில்லை என்று உரிமைச் சாசனம் விதித்தது. சட்டத்துக்கு அடங்கிய அரசர், சுதந்திரமுள்ள பார்லிமெண்டு, சிதைக்கப்படாத திருச்சபை ஆகிய இவையன்றோ 1641-இல் ஃபாக்லந்து வேண்டியவை? அரைநூற்றாண்டுக் குருதிக்குப்பின் தேசம் அவருடைய வாசலுக்கே வந்து நின்றது.

நம் வானம்பார்த்த பூமியில் கண்மாய் வெட்டிய முன்னோர், கரையை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் கலுங்கு ஒன்றையும் வைத்தே கட்டினார்கள். பெருவெள்ளம் வருகிற நாளில் மிகுந்த நீரை அளவறிந்து வெளியேற்றிக் கரையையும் வயலையும் காப்பது அதுதான். அரசியலில் மத்தியஸ்தனுக்குரிய ஸ்தானமும் அதுவே. கலுங்கைத் தூர்த்துவிட்டுக் கரையின் உறுதியைப்பற்றிப் பெருமை பேசுவோர் ஊரை அழிப்பார்கள்.

ஆனால் ஃபாக்லந்திடம் ஒரு குறையை நான் காண்கிறேன். அவரை நேசிப்பதாலேயே அதைச் சொல்லுகிறேன். நியூபரியில் அவர் மரணத்தைத் தேடிச்சென்றார் என்பதே அவரை அறிந்தவர்களின் துணிபு. அவர் வாழ்ந்திருந்தால் பிற்காலத்து உடன்படிக்கைப் பேச்சுகளில் இருதரப்பாரும் நம்பத்தக்க ஒருவர் இருந்திருப்பார். நாட்டின் துயரத்தைத் தாங்கமுடியாத மென்மை உயர்ந்த குணமே. எனினும் அம்மென்மை, துயரத்தைத் தீர்க்கவல்ல ஒருவனை நாட்டுக்கு இல்லாமற்செய்துவிடுமானால், அதற்கு நாடு கொடுக்கும் விலை மிகப் பெரிது.

நம் மொழியினர் ஒருவர்

இதைச் சொல்லும்போது, நமக்கு மிக அண்மைக்காலத்தில், கடலுக்கு அக்கரையில் நம் மொழி பேசிய ஒருவரை நினையாமலிருக்க முடியவில்லை. நீலன் திருச்செல்வம் 1944-இல் பிறந்தார். அவருடைய தந்தை மு. திருச்செல்வம் பெயர்பெற்ற வழக்கறிஞர். 1965-இல் அமைந்த இலங்கை அரசாங்கத்தில் அமைச்சராயிருந்தவர். செல்வாக்குள்ள குடும்பத்தில் வளர்ந்து, ஹார்வர்டு சட்டப் பள்ளியில் டாக்டர் பட்டம் பெற்ற நீலன், வெளிநாட்டிலேயே சௌக்கியமாக வாழ்ந்திருக்கலாம். தாய்நாடு திரும்பி, 1982-இல் கொழும்பில் இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையத்தைக் கண்டார். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கே ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தார்கள். கிரேட் டியூவின் சாயலை அந்நிலையத்தில் நான் காண்கிறேன்.

தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் 1983-இல் பாராளுமன்றம் புகுந்தார். அவ்வாண்டு ஜூலையில் தமிழர்கள்மீது நிகழ்ந்த படுகொலைகளுக்குப்பின், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும்படி அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் விதித்த பிரமாணத்தைக் கூட்டணியினர் ஏற்க மறுத்ததால் அவர்கள் அனைவரும் ஆசனங்களை இழந்தார்கள். 1994-இல் தேசியப் பட்டியல் மூலம் நீலன் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1995 ஆகஸ்டில் வெளியான அதிகாரப் பகிர்வு யோசனைகளை உருவாக்குவதில் பேராசிரியர் ஜி. எல். பீரிஸோடு அவர் ஆற்றிய பங்கு பெரிது. சிங்களத் தீவிரர்கள் அவரை நாட்டைத் துண்டாடுகிறவரென்றார்கள். தமிழ்த் தீவிரர்கள் துரோகியென்றார்கள். தமக்கு ஆபத்திருப்பதை நன்கறிந்தும் அவர் மரணத்தை நாடவில்லை. ஒவ்வொரு நாளும் அலுவலகம் சென்றார், வரைவுகளைத் திருத்தினார், பேச்சுவார்த்தை நடத்தினார். 1999 ஜூலை 29-ஆம் தேதி காலையில், அவ்வாறு அலுவலகம் சென்றுகொண்டிருந்தபோதே தற்கொலைக் குண்டுக்கு இரையானார். அது விடுதலைப் புலிகளின் செயலென்றே உலகெங்கும் கருதப்பட்டது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1987 ஜூலை 29-இல்தான், மாகாண சபைகளுக்கு வழிவகுத்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்பு மசோதா பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபையிலேயே தீயிட்டார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது நேர்ந்த உயிர்ச்சேதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்னும் கேள்விமட்டும் அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே நிற்கிறது.

ஃபாக்லந்து 33 வயதில் மரணத்தை நோக்கிக் குதிரையை விட்டார். நீலன் 55 வயதில் மரணம் வந்து தடுக்கும்வரையில் வேலையை விடவில்லை. இருவரும் போற்றத்தக்கவர்கள். பின்பற்றத்தக்கவர் யாரென்று கேட்டால், நான் நீலனையே சுட்டுவேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஊராட்சித் தலைவராகவும் சட்டமன்ற அங்கத்தினராகவும் வரப்போகிறீர்கள். ஊரிலோ நாட்டிலோ இரண்டு கட்சிகள் கொதித்தெழுந்து நிற்கும்போது, மூன்றாவதாக ஒருவன் எழுந்து, இருவர் சொல்வதிலும் நியாயமுண்டு, இன்ன வழியில் தீர்த்துக்கொள்ளலாம் என்று பேசினால், அவனைப் பேசவிடுங்கள். அவனுக்கு விலை எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்குமுன், அவன் சொல்லும் யோசனை என்னவென்று கேளுங்கள். அவனுக்குத் துரோகியென்று பெயர் சூட்டுகிற கூட்டத்தில் ஒருநாளும் சேராதீர்கள்; அவனை இழந்த தேசங்கள் அவன் சொன்னதையே பிற்காலத்தில் நூறு மடங்கு விலைகொடுத்து வாங்கியிருக்கின்றன, அல்லது வாங்கமுடியாமல் இன்றும் வாடுகின்றன. அப்படிப் பேசவேண்டிய பொறுப்பு உங்களுக்கே வந்து வாய்க்குமானால், சட்டத்தைக் கற்றுக்கொண்டு பேசுங்கள். எதிரியின் நூலையும் படித்துவிட்டுப் பேசுங்கள். ஏச்சுக்கும் ஏளனத்துக்கும் மனமுடைந்துபோகாமல், உடன்பாடு கைகூடும்வரையில் உங்கள் இடத்திலேயே இருந்து உழையுங்கள்.